வீட்டு பஸ்ஸின் தமிழ்ப் பக்கங்கள்

குவைத்
17.11.2005

அன்புள்ள மச்சி பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். மாமியும் நீங்களும் என் மகள் ஹப்ஸாவும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

வழக்கமாக மாமி பெயருக்கு எழுதுகிறவன் இந்த முறை உங்கள் பெயருக்கு எழுதுகிறேனே என்று யோசிப்பீர்கள். காரியம் இல்லாமல் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உங்கள் ராத்தா ஹாஜறா என்னைக் கட்டின நாளிலிருந்து பழி சொல்லுவாளே, அது உண்மைதான். காரியம் இருக்கிறது.

எங்கள் முதலாளியை வீட்டில் எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். இந்த நாட்டுக்காரர்களுக்கு மாரிக் குளிர் தொடங்கினால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. கல்வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்து இருப்பார்கள். கடல் வந்த பிறகு கூடாரத்தில் கிடந்த நம்மைக் கேட்டிருந்தால் அதன் சுகத்தைச் சொல்லியிருப்போம். இந்த வருசம் பாபா அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய வண்டியை இறக்கியிருக்கிறார். நீளத்துக்கு பஸ் மாதிரி. உள்ளே படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. கரண்டும் தண்ணீர்க் குழாயும் இல்லாத இடத்தில் தன்பாட்டில் குடித்தனம் நடத்துமாம். நான் அதற்கு வீட்டு பஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இஞ்சினுக்கு நான் பயப்படவில்லை. சம்மாந்துறை மில்லில் எத்தனை இஞ்சினோடு மல்லுக்கட்டியிருப்பேன். வீட்டுப் பகுதிதான் ஆளைக் கொல்கிறது. எங்கே பார்த்தாலும் வால்வு, எங்கே பார்த்தாலும் சிவப்பு விளக்கு. வந்த மறுநாளே பிரிட்ஜ் நின்று இறைச்சியெல்லாம் நாறிவிட்டது. "மெக்கானிக் என்று சொல்லித்தானே வந்தாய்? இந்த மாரிக்குள் வண்டியைப் பழகு, இல்லாவிட்டால் டிக்கட் போட்டுத் தருகிறேன், ஊருக்குப் போ" என்று பாபா சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்து நான் எங்கே இருப்பது? உங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை நான். கடல் கொண்டுபோன பிறகு ஹாஜறாவும் இல்லை, அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடும் இல்லை. நம் ஊரில் பெண்சாதி போன பிறகு மாப்பிள்ளைக்கு அந்த வளவில் என்ன உரிமை? என் மகள் உங்கள் மடியில் வளருகிறாள். அவளுக்குச் சோறு போடவாவது இந்த வேலை நிலைக்க வேண்டும்.

வண்டியோடு ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வந்திருக்கிறது. சில பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. இதைத் தமிழில் எழுதி அனுப்புவீர்களா? பாலைவனத்தில் போன் எடுக்காது, ஆகவே எழுதித்தான் ஆகவேண்டும்.

ஹப்ஸாவுக்கு என் கொஞ்சல்கள்.

இப்படிக்கு,
மச்சான் றுமைஸ்


தற்காலிகக் குடியிருப்பு
கல்முனைக்குடி
14.12.2005

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் மூன்று பேரும் நலம். அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் முகாம் வாசலில் நின்று என் பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டுத் தந்தார். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை பெயருக்குக் குவைத் கடிதமா என்று எல்லாத் தகரக் கொட்டிலிலிருந்தும் தலை நீண்டது. "என்ட மருமகன்ட வண்டிப் புத்தகம் புள்ளையாள், வேற ஒண்டுமில்ல" என்று உம்மா அந்தப் படங்களை வீடு வீடாகக் காட்டிவிட்டுத்தான் ஓய்ந்தா. இப்போது இந்த முகாமில் உங்கள் வீட்டு பஸ்ஸைத் தெரியாதவர் இல்லை.

பக்கங்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். என் அகராதி கடலோடு போய்விட்டது. ரியூசன் சேரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். அதிலும் இல்லாத சொற்களுக்குப் படத்தைப் பார்த்து நானாகப் பெயர் வைத்திருக்கிறேன், பிழை இருந்தால் திட்டாதீர்கள். முக்கியமானதைச் சொல்கிறேன். அந்தப் பிரிட்ஜ் நம் ஊர்ப் பிரிட்ஜ் மாதிரி இல்லை. வண்டி மட்டமாக நின்றால்தான் குளிரும். ஒரு பக்கம் சரிந்தால் உள்ளே ஓடுகிற மருந்து தேங்கி நின்றுவிடுமாம். உங்கள் வண்டி மணலில் ஒரு சில்லுப் புதைந்து நிற்கிறதோ தெரியாது, பாருங்கள். பற்றரி இரண்டு வகை. ஒன்று வண்டி ஓடுவதற்கு, மற்றது வீடு வாழ்வதற்கு. வீட்டுப் பற்றரியைக் குடித்து முடித்துவிட்டு ஓட்டப் பற்றரியில் கை வைக்கக் கூடாது.

தண்ணீருக்கு மூன்று தாங்கி. நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த தண்ணீருக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று. கக்கூஸ் தண்ணீருக்குப் புத்தகத்தில் கறுப்புத் தண்ணீர் என்று பெயர். அந்தச் சொல்லை எழுதிவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு எழுத எனக்கு ஏலவில்லை. கடல் வந்தபோது கறுப்பாகத்தான் வந்தது, மச்சான். நீங்கள் மில்லில் இருந்தீர்கள், பார்க்கவில்லை. மறுநாள் அதைக் கக்கூஸ் தண்ணீர் என்று மாற்றி எழுதினேன். அதற்குப் பிறகு எழுத முடிந்தது.

ஹப்ஸா என்னை உம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள். நான் "சாச்சி" என்று திருத்துகிறேன். "கூப்பிட்டா கூப்பிடட்டுமே, உனக்கென்ன குறையுது?" என்று பக்கத்துக் கொட்டில் றாஹிலா என்னை ஏசுகிறா. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மச்சி பஸ்மினா


குவைத்
15.01.2006

அன்புள்ள மச்சி பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பக்கங்கள் கிடைத்தன. நீங்கள் சொன்னது அப்படியே சரி. பின்சில்லு மணலில் இறங்கியிருந்தது. வண்டிக்குள் ஒரு தட்டையான பீங்கானில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். மறுபக்கச் சில்லின் கீழே மணலைத் தோண்டி இறக்கினேன். பிரிட்ஜ் குளிர்ந்தது. பாபா தன் கையால் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் தந்தார்.

சந்தோசம் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். தாங்கி நிரம்பினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு கிழமை காணும் என்று புத்தகம் சொல்கிறது, நீங்களும் அப்படியே எழுதியிருந்தீர்கள். புத்தகம் எழுதியவன் தொழுகிற ஆள் இல்லை, மச்சி. ஜும்ஆவுக்குப் பிறகு பாபாவின் அண்ணன் தம்பிகள், மச்சான்மார் என்று ஒரு பட்டாளம் வந்து இறங்கியது. எல்லோரும் தொழுகைக்கு அந்தச் சின்னக் குழாயில்தான் வுழூ எடுத்தார்கள். கால் கழுவ, முகம் கழுவ, கக்கூஸில் கழுவ என்று திறந்த குழாயை யாரும் பூட்டவில்லை. அஸருக்கு முன்பே தாங்கி வற்றிப் போனது. அளவு காட்டும் விளக்கோ பாதி இருக்கிறதென்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பம்ப் வெறுங்காற்றை இழுத்து இழுத்துக் கருகியது. கக்கூஸ் தாங்கி நிரம்பி நாற்றம் வெளியே வந்தது. மஃரிபுக்கு அத்தனை பேரும் மண்ணைத் தட்டித் தயம்மும் செய்து தொழுதார்கள். தொழுகை முடிந்ததும் பாபா விருந்தாளிகள் முன்னால் வைத்து என்னை ஏசிய ஏச்சை எழுத மாட்டேன்.

புதுப் பம்ப் வருகிறது. அடுத்த முறையும் இப்படி ஆனால் டிக்கட் நிச்சயம். புத்தகத்தில் இதற்கு ஏதாவது வழி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் சில பக்கங்கள் வைத்திருக்கிறேன்.

ஹப்ஸா விசயம். கூப்பிட்டால் கூப்பிடட்டும். திருத்தாதீர்கள். கடல் வந்த அன்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தானே.

மச்சான் றுமைஸ்


கல்முனைக்குடி
20.02.2006

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். உங்கள் கஷ்டத்துக்குச் சிரிக்கவில்லை. எங்கள் முகாமிலும் இதே கூத்துத்தான் நடந்தது. ஒரு வெள்ளைக்கார நிறுவனம் எங்களுக்குக் கக்கூஸ் கட்டித் தந்தது. கடதாசியால் துடைக்கிற ஆட்களுக்கு ஏற்ற மாதிரிக் குழி வெட்டியிருந்தார்கள் போல. நாம் வாளி வாளியாக ஊற்றுகிற ஆட்கள். கொஞ்ச நாளிலேயே பொங்கி வந்துவிட்டது. அவர்கள் வந்து குழியைப் பார்க்கிறார்கள், எங்களைப் பார்க்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை.

புத்தகத்தில் இதற்கு வழி இல்லை. இது நானாக எழுதுவது. எங்கள் ஆட்கள் ஒரு பெரிய பீப்பாவுக்குக் குழாய் பூட்டி வெளியே மரத்தடியில் வைத்தார்கள். வுழூ எடுப்பதெல்லாம் அங்கேதான். தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். நீங்களும் வண்டிக்கு வெளியே ஒரு பீப்பா வையுங்கள், கொஞ்சம் தள்ளி மறைப்புக் கட்டிக் கழுவுகிற இடமும் செய்யுங்கள். விருந்தாளி வரும் நாட்களில் உள்ளே இருக்கிற பம்பை நிறுத்திவிடுங்கள். விளக்கை நம்பாமல் தாங்கியில் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். அழுக்குத் தாங்கிகளைத் திறக்கும்போது கக்கூஸ் தாங்கியை முதலில் திறக்க வேண்டும். அதற்குப் பிறகு குளித்த தண்ணீரைத் திறந்தால் அது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இது மட்டும் புத்தகத்தில் உள்ளது.

ஒன்று சொல்லட்டுமா? அந்த வண்டியை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பகலில் தகரம் காய்ந்து உள்ளே இருக்க முடியாத நேரத்தில் அதற்குள் போய் இருந்துவிடுவேன். எந்த அலுமாரி எங்கே, எந்தத் திறப்பு எந்தப் பக்கம் என்று எல்லாம் தெரியும். உம்மா கூப்பிடுவது கூடக் கேட்காது. பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

ராத்தா போய் ஒரு வருசம் ஆனதற்குக் கத்தம் ஓதினோம். ஹப்ஸா ஆட்களைப் பார்த்துப் பெருநாள் என்று நினைத்துவிட்டாள்.

மச்சி பஸ்மினா


குவைத்
23.11.2006

அன்புள்ள பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மறுபடி மாரி, மறுபடி பாலைவனம். நீங்கள் சொன்ன பீப்பா என் வேலையைக் காப்பாற்றிவிட்டது. பக்கத்துக் கூடாரக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு அதே மாதிரி வைத்திருக்கிறார்கள். "இது யார் சொல்லித் தந்தது?" என்று பாபா கேட்டார். ஊரில் ஒரு ஆள் இருக்கிறார் என்றேன்.

இப்போது சொல்லப் போவதை எழுதக் கை கூசுகிறது. போன கிழமை டவுனுக்குப் போனபோது மாமியோடு போனில் பேசினேன். பள்ளிவாசல் மரைக்கார் காலிதீன் வந்து பேசினதாகவும், உங்களை எனக்குக் கலியாணம் முடித்துவைக்க எல்லோருக்கும் விருப்பமென்றும் மாமி சொன்னா. பிள்ளையும் கைவிட்டுப் போகாது, கடல் எடுத்த வீட்டுக்குப் பதிலாக உள்ளூரில் கட்டித் தருகிற புதுவீடும் குடும்பத்துக்குள் நிற்கும் என்றா. அந்த வீட்டை ஹாஜறாவின் புருசன் என்று என் பெயருக்குப் பதிந்திருக்கிறார்களாம். உங்களிடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டன் மகன். அவ ஒண்டும் பேசல்ல. குமர் பேசாம இரிந்தா சம்மதம்தானே" என்றா.

மாமி நல்ல மனுசி. ஆனால் கடலுக்குப் பிறகு பயந்துபோய் இருக்கிறா. நான் வேறு எங்காவது முடித்துக்கொண்டு பிள்ளையையும் வீட்டையும் கொண்டுபோய்விடுவேனோ என்ற பயம். பயந்த ஆளுக்கு எதைக் கேட்டாலும் சம்மதம் என்றுதான் காதில் விழும். ஆகவே மாமி வாயால் வந்ததை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனதைச் சொல்கிறேன். எனக்கு விருப்பம். ஹாஜறாவின் தங்கை என்பதற்காக இல்லை. வீட்டுக்காகவும் இல்லை. இந்த மணலில் நான் மனுசனாக இருப்பது உங்கள் எழுத்தால். ராத்தா இருந்த இடத்தில் உங்களைப் பலவந்தமாகக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நாளைக்கு ஒரு நாள் எனக்குத் தெரியவந்தால் நான் தாங்க மாட்டேன். உங்களுக்கு இன்னும் படிக்கிற வயசு. ஒரே ஒரு வரி, உங்கள் கையால் எழுதுங்கள். விருப்பமில்லை என்றாலும் எழுதுங்கள். நான்தான் வேண்டாம் என்றேன் என்று என் தலையில் போட்டுக்கொள்கிறேன். உங்கள் மேல் ஒரு சொல்லும் விழ விடமாட்டேன்.

சுடுதண்ணீர்க் கொதிகலன் பக்கங்களும் இத்துடன் இருக்கின்றன.

றுமைஸ்


குவைத்
26.01.2007

அன்புள்ள பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்னும் உங்கள் கடிதம் வரவில்லை. ஊரில் சுற்றிவளைப்பு, கடையடைப்பு, ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். தபால் எங்காவது முடங்கிக் கிடக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்துக் கூடாரத்தில் வேலை செய்கிற சாய்ந்தமருது ஆளுக்குப் போன கிழமையும் வீட்டுக் கடிதம் வந்திருக்கிறது.

நான் எழுதியது பிழை என்றால் அதை விட்டுவிடுங்கள். கொதிகலன் பக்கங்களுக்காவது பதில் போடுங்கள். பற்ற வைத்தால் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். அது பரவாயில்லை. நீங்கள் இப்படி ஒன்றும் எழுதாமல் இருந்ததே இல்லை.

றுமைஸ்


குவைத்
22.03.2007

அன்புள்ள தங்கை பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் போடாமல் இருந்ததிலேயே உங்கள் பதில் எனக்கு விளங்கிவிட்டது. வாய்விட்டுச் சொல்ல உங்களுக்குக் கஷ்டம். வீட்டில் உம்மா, வெளியில் மரைக்கார், நீங்கள் எப்படி எழுதுவீர்கள்? உங்களை அந்த இக்கட்டில் வைத்ததற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

நேற்று மாமிக்கும் காலிதீன் மரைக்காருக்கும் போன் பேசிவிட்டேன். எனக்கு விருப்பமில்லை, ஹாஜறாவுக்குப் பிறகு அந்த வீட்டில் நான் குடியிருக்க மாட்டேன் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னேன். "அவளுக்கு விருப்பம்தான் மகன், அவசரப்படாதீங்க" என்று மாமி அழுதா. உங்களை நினைத்துக்கொண்டு அந்த அழுகைக்கு இரங்காமல் இருந்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு கல்நெஞ்சனாக நான் இருந்ததில்லை.

வீட்டைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வீடு என்பது பெண்பிள்ளைக்குரியது. உங்கள் பெயருக்கு மாற்றும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹப்ஸாவை உங்களிடமிருந்து பிரிக்கவும் மாட்டேன். நீங்கள் படியுங்கள், மனதுக்குப் பிடித்த இடத்தில் முடியுங்கள். இனி உங்களுக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு தர மாட்டேன்.

உங்கள் நன்மையை நாடும்,
றுமைஸ்


கல்முனைக்குடி
11.06.2009

மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். "மெய்யா முடிஞ்சிட்டா?" என்று உம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டா. ஹப்ஸா இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். உங்களைப் போலவே எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள்.

கொதிகலன் பக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். அவை வந்த கிழமையே தமிழில் எழுதி முடித்துவிட்டேன். இப்போது அந்த வண்டி இருக்கிறதோ இல்லையோ தெரியாது. எழுதியது உங்களுக்கென்று எழுதியது, ஆகவே உங்களிடம் வரட்டும்.

போன பெருநாளுக்குப் பிறகு எனக்குக் கலியாணம் முடிந்தது. சம்மாந்துறைக்காரர், வயல் செய்கிறார். முதல் பெண்சாதி கடலில் மௌத்தானவர். கெட்ட மனுசன் இல்லை. ஹப்ஸாவோடு அன்பாக இருக்கிறார். இதை அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் வாசிக்கக் கேட்கவில்லை.

உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் நீங்கள் எனக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே இருந்துவிடுவீர்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாப் பேச்சையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்வதாகச் சொன்னீர்கள். நம் ஊரை மறந்துவிட்டீர்களா? "கூடப்பொறந்தாட மாப்பிள்ளையே வேணாமெண்டுட்டாரே, இவளில என்ன குறையோ?" என்றுதான் கேட்டார்கள். றாஹிலா கூட என் முகத்தைப் பார்த்துக் கேட்டா. ஒரு பேச்சும் உங்கள் மேல் விழவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். போன வருசம் லீவில் வந்தபோது நீங்கள் உங்கள் கூடப்பிறந்த காக்கா வீட்டில் நின்றுகொண்டு ஹப்ஸாவை அங்கே வரவழைத்தீர்கள். எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதை மரியாதை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஊர் அதையும் வேறு விதமாகப் பேசியது.

உம்மா என்னிடம் கேட்ட அன்று நான் பேசாமல் இருந்தது உண்மை. அதற்குப் பிறகு உம்மா, "இனிக் கலியாணக் காவின் முடியும் மட்டும் கடிதம் கிடிதம் எழுதப்படாது" என்றா. பேசி முடிந்த பெண் மாப்பிள்ளைக்கு எழுதுவது நம்மில் இல்லையே. நான் சந்தோசமாகத்தான் பேனையை மூடி வைத்தேன். உங்கள் கடிதம் வந்தபோது ஒரு வரி எழுதவும் பார்த்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். விருப்பம் என்று ஒரு குமர் தன் கையால் எழுதித் தபாலில் போடுவதா? வெட்கத்தில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கொதிகலனுக்காவது பதில் போடுங்கள் என்று நீங்கள் மறுபடி எழுதியபோதும் உம்மாவின் சொல்லை நான் மீறவில்லை. மச்சானுக்கு விளங்கும், அவரும் நம் ஊர்தானே என்று நினைத்தேன். தபால்காரர் வரும் நேரமெல்லாம் நீங்கள் வருகிற திகதி எழுதியிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது தங்கை என்று தொடங்கிய கடிதம். வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகு நான் எழுதினால் அது கெஞ்சுவது. கெஞ்ச எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் காவினுக்கு நான் ராத்தாவின் பக்கத்தில்தான் இருந்தேன். பதிவுகாரரும் இரண்டு சாட்சிகளும் அறைக்குள் வந்து அவவிடம் கேட்டார்கள். ராத்தா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் வெளியே வந்து பெண்ணுக்குச் சம்மதம் என்றார்கள். நீங்கள் பந்தலில் இருந்தீர்கள். உங்கள் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் யன்னலால் பார்த்தேன். அந்தப் பேசாமையை நம்பித்தானே எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தீர்கள், மச்சான்? என்னுடையதை மட்டும் ஏன் நம்பவில்லை?

இதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்லி இனி ஆவதும் இல்லை.

ஹப்ஸாவைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். இந்த முறை வீட்டுக்கே வாருங்கள், முன்கூட்டி அறிவித்துவிட்டு வாருங்கள். என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவார். இனிக் கடிதம் எழுதினால் அவர் பெயருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹப்ஸாவின் சாச்சி
பஸ்மினா